தனி ஆளாக ஐந்து நிமிட அனிமேஷன் படம்: முதலில் நீளத்தைக் குறையுங்கள்

வணக்கம். மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு ஐந்து நிமிடப் படம், ஆறு கதாபாத்திரங்கள், நடுவில் ஒரு ஃபிளாஷ்பேக், வரைவது நீங்கள் ஒருவர்தான், கையில் நான்கு மாதம் என்கிறீர்கள். எங்கே தொடங்குவது என்பதுதானே கேள்வி?

கணக்கிலிருந்து தொடங்குங்கள். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் 24 அசையாப் படங்கள். வரைந்த ஒரு படத்தையே இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம் வரைய வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு 3,600. கிளீன் அப் (கோடுகளைச் சுத்தமாகத் திரும்ப வரைவது), கலர் எல்லாம் தனி. இரண்டு நிமிடமாக்கினால் 1,440. அதுவே ஒருவருக்கு அதிகம்தான்.

கதாபாத்திரம் இரண்டு போதும். ஃபிளாஷ்பேக் வேண்டாம், 'இது முன்பு நடந்தது' என்பது அந்த வயதில் சட்டென்று பிடிபடாது. நீங்கள் எழுதியதில் ஒளிந்து விளையாடும் காட்சி அருமை, அதையே முழுப் படமாக்கலாம். யானைக்குட்டி மரத்துக்குப் பின்னால் நிற்கிறது, தும்பிக்கை வெளியே தெரிகிறது. தேடும் எலிக்குத் தெரியவில்லை, பார்க்கும் குழந்தைக்குத் தெரிகிறது. அங்கே ஷாட்டை வெட்டாமல் மூன்று நொடி விடுங்கள். 'அங்க இருக்கு!' என்று கத்த நேரம் வேண்டாமா?

அப்புறம், வரையத் தொடங்கும் முன் ஸ்டோரிபோர்டை (காட்சி காட்சியாக வரைந்த கதையை) உங்கள் குரலோடு அனிமேட்டிக் ஆக்கி, அதாவது அந்தப் படங்களையே நேரக் கணக்கில் ஓடும் வீடியோவாக்கி, நாலைந்து குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். 'பிடித்ததா?' என்று கேட்காதீர்கள், 'பிடிச்சிருக்கு' என்றுதான் சொல்லும். எந்த ஷாட்டில் தலை திரும்புகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.