நாய்க்குள் எத்தனை ஓநாய்? வாசகர் கேள்விகள்

ஆதி மனிதன் ஓநாய்க் குட்டியைப் பிடித்து வளர்த்ததால்தான் நாய் வந்ததா? (மயிலாப்பூர்)

ஒரு குட்டியைப் பழக்குவது வேறு, ஓர் இனமே மாறுவது வேறு. நீங்கள் வளர்த்த ஓநாய் உங்களிடம் ஒட்டிக்கொள்ளலாம். அதன் குட்டி மறுபடி ஓநாயாகத்தான் பிறக்கும். மிரட்சி குறைந்தவையே தலைமுறை தலைமுறையாக இணைசேர வேண்டும். முகாமைச் சுற்றி எலும்பு பொறுக்க வந்தவை தாமே நெருங்கின என்பது ஒரு கட்சி, குட்டி எடுத்து வளர்த்தார்கள் என்பது எதிர்க்கட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை.

1959-ல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் மரபியலாளர் திமித்ரி பெலியாயெவ் வெள்ளி நரிகளில் மனிதரைக் கண்டு மிரளாதவற்றை மட்டும் இனப்பெருக்கத்துக்கு விட்டார். சில தலைமுறைகளிலேயே வாலாட்டும் நரி பிறந்தது. அவை காட்டு நரிகள் அல்ல, ஏற்கெனவே ரோமப் பண்ணையில் வளர்ந்தவை என்பதைத்தான் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஜெர்மனியின் பான்-ஓபர்காசலில் 1914-ல் கிடைத்த நாய்க்குட்டியின் எலும்பு சுமார் 14,000 ஆண்டு பழையது. சாகும்போது அதற்கு ஏழு மாதம் இருக்கும். பல் எனாமலில் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் தாக்கிய தடம். தண்ணீர் புகட்டித் துடைத்துவிட ஆளில்லாமல் அது வாரக்கணக்கில் தாங்கியிருக்காது. நம் தெருக்குட்டிகளைக் கொண்டுபோவதும் இதே நோய்தான். 6–8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 16 வாரம் வரை 3–4 வாரத்துக்கு ஒன்று. முதல் ஊசியோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தப்பு.

ராஜபாளையம் ஓநாய்க்கு நெருக்கமா? (தாம்பரம்)

பொமரேனியன் எவ்வளவோ அவ்வளவுதான். இரண்டுக்கும் 78 குரோமோசோம், இரண்டுக்கும் மூதாதை சாம்பல் ஓநாய்வழி. நரியும் செந்நாயும் ஒன்றுவிட்ட உறவுகள் மட்டுமே. வாங்குமுன் குட்டியின் பின்னால் நின்று கைதட்டுங்கள். வெள்ளை நிறத்தோடு செவிடும் சேர்ந்து வருவதுண்டு.

தினமும் தயிர்சாதம்தான். ஓநாய்வழி வந்ததற்கு இது சரியா? (பெரம்பூர்)

மாவுச்சத்தை உடைக்கும் ஏஎம்ஒய்2பி மரபணு ஓநாயிடம் 2 பிரதி. நாயிடம் 4 முதல் 30 வரை. மனிதன் பயிர் வைத்த பிறகு சேர்ந்த சொத்து. ஆக, சோறு செரிக்கும். செரித்தால் போதுமா? வெறும் தயிர்சாதத்தில் புரதம் போதாது. சோற்றுக்குச் சமமாக வேகவைத்த கோழியோ முட்டையோ சேருங்கள். சாம்பார் சாதம் வேண்டவே வேண்டாம். சின்ன வெங்காயத்தைப் பொறுக்கி எறிந்தாலும் அதன் சாறு குழம்பில் இறங்கியிருக்கும். சிவப்பணுவை உடைப்பது அதுதான். பூண்டும் அப்படியே. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

"நீதான் தலைவன்னு காட்டணும், மல்லாத்திப் போட்டு அமுக்கு" என்கிறார் பயிற்சியாளர். (வேளச்சேரி)

ஆளை மாற்றுங்கள். இந்தத் 'தலைவன்' கதைக்கு மூலம் 1947-ல் விலங்கியலாளர் ருடால்ஃப் ஷென்கல் எழுதியது, அதுவும் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பற்றி. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அம்மா, அப்பா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம். 1999-ல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் இதைத் தெளிவாக்கினார். அமுக்கப்பட்ட குட்டி உறுமலை மட்டும் விட்டுவிடும், பயத்தை அல்ல. பிறகு ஹாரன் பிடுங்கிய தண்ணி லாரி மாதிரி, சொல்லாமல் கடிக்கும். செருப்பைக் கவ்வினால் பிடுங்காதீர்கள். மூக்கருகே ஒரு துண்டு கோழியைக் காட்டுங்கள். செருப்பு விழுந்த நொடியே கொடுங்கள். ஐந்து நொடி தாமதித்தாலும் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது.

பார்க்கிங்கில் தெருநாய் குட்டி போட்டு 20 நாள். ஒன்றை இப்போதே எடுக்கலாமா? (அண்ணா நகர்)

8 வாரம் வரை தாயிடம் இருக்கட்டும். கடியின் அளவை அது கூடப்பிறந்தவற்றிடம்தான் கற்கும். ஆனால் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். ஓநாய்க்குட்டி 2 வாரத்தில், கண்ணும் காதும் சரியாக வேலை செய்யுமுன்பே, மோப்பத்தை நம்பி உலகைச் சுற்றக் கிளம்பிவிடும். நாய்க்குட்டி கிளம்புவது 4 வாரத்தில், எல்லாப் புலனும் விழித்த பிறகு. அதனால்தான் ஆட்டோ சத்தமும் குக்கர் விசிலும் அதற்குச் சொந்த ஊர் விஷயமாகின்றன. புதியதைப் பழகிக்கொள்ளும் இந்தக் கதவு 12–14 வாரத்தில் மூடத் தொடங்கும். தாய் அனுமதித்தால் தினம் ஐந்து நிமிடம் கையில் எடுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், குழந்தை என ஒவ்வொருவராகக் காட்டுங்கள். ரேபிஸ் ஊசி 3 மாதத்தில். அதன் பல் பட்டு உங்களுக்கு ரத்தம் வந்தால், குட்டிதானே என்று விடாமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே நீங்கள் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.