ரேஸ் ஓடிய யமஹா ஆர்எக்ஸ் 100 (பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்) இன்ஜினைக் குறைந்த செலவில் தினசரி ஓட்டும்படி மாற்ற முடியுமா?

முடியும். நான் மாற்றியிருக்கிறேன், பதினைந்தாயிரத்துக்குள் முடிந்தது. ஆனால் சேலத்தில் ஓட்டிக்கொண்டு வாரம் ஒருமுறை ஏற்காடு போய்வர வேண்டும், மலை ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை முழுக்க ஏற்றத்தில் இருக்கிறது. என்னுடையதும் அங்கேதான் இருந்தது. இந்த மாதிரி இன்ஜினுக்கு ஆபத்து இறக்கத்தில்.

என் வண்டி சித்தப்பாவுடையது. கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் அவர் ஓட்டியது. புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டை அவரே தேய்த்து உயர்த்தியிருந்தார். ஹெட்டைக் கடைந்து கம்ப்ரஷனை (உள்ளே கலவை அமுங்கும் அளவை) ஏற்றி, பெரிய கார்புரேட்டரும் எக்ஸ்பேன்ஷன் சேம்பர் என்ற ரேஸ் சைலன்சரும் போட்டிருந்தார். இன்ஜினுக்குள் ஆயிலைத் தானாக அனுப்பும் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை ஓர் அலுமினியத் தகட்டால் அடைத்திருந்தார். ரேஸில் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவது வழக்கம். நானும் லிட்டருக்கு 40 மில்லி அளந்துதான் ஊற்றினேன். சாவியைக் கொடுக்கும்போதே அவர் கேட்டார்: "ஏத்தம் கிடக்கட்டும் தம்பி, எறக்கத்துல என்ன பண்ணுவே?" எனக்கு அது அப்போது புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்து ஏறினேன். கொண்டை ஊசி வளைவில் ஃபர்ஸ்ட் கியரிலும் வண்டி திணறியது. நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்குக் கீழே அதில் இழுவையே இல்லை, கிளட்சை நழுவவிட்டே இருபது வளைவும் ஏற்றினேன். திரும்பும்போது த்ராட்டிலை மூடி செகண்ட் கியரில் விட்டு இறங்கினேன், பிரேக் சூடாகாமல் இருக்கட்டும் என்று. பாதிக்கு மேல் இறங்கியிருப்பேன். இன்ஜின் சத்தம் திடீரென்று மெலிந்தது, பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்துவிட்டேன், அதனால் விழவில்லை. ரோட்டில் ஒரு வண்டி நீளத்துக்கு டயர் தேய்ந்த கறுப்புக் கோடு.

மறுநாள் பட்டறையில், பிஸ்டன் ஓடும் உருளையான பேரலைக் கழற்றினோம். பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழாக வரிவரியாகக் கீறல், பேரல் சுவரில் அலுமினியம் அப்பியிருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டித் தட்டி நின்றது.

காரணம் இதுதான். கலந்து ஊற்றும் வண்டியில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகும். த்ராட்டிலை மூடினால் பெட்ரோல் குறையும், ஆயிலும் குறையும். ஆனால் இறக்கத்தில் சக்கரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது, ஆயில் போதாமல் பிஸ்டன் பேரலில் பிடித்துக்கொள்கிறது. ரேஸ் டிராக்கில் த்ராட்டில் மூடியிருப்பது சில விநாடிதான், ஏற்காடு இறக்கத்தில் நிமிடக்கணக்கு. கம்பெனி கொடுத்த பம்போ இன்ஜின் சுற்றுவதால் ஓடுவது. த்ராட்டில் மூடியிருந்தாலும் கொஞ்சமாவது ஆயில் அனுப்பும். அந்தத் தகட்டை எடுத்துவிட்டுப் பழைய பம்பு ஒன்று வாங்கி மாட்டினேன். மாட்டியதும் பம்பிலும் குழாயிலும் ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லாமல் வெளியேற்றுங்கள். முதல் டேங்குக்குப் பெட்ரோலிலும் ஆயில் கலந்தே ஓட்டுங்கள்.

மற்றவை சுலபம். பழைய ஸ்டாக் பேரல், அதாவது கம்பெனி செய்தபடியே இருப்பது, ஒன்று கிடைத்தது. அதன் 50 மில்லிமீட்டர் போரை (உள்விட்டத்தை) அரை மில்லி பெரிதாக்கிப் புது பிஸ்டன் போட்டோம். ஸ்டாக் ஹெட், ஸ்டாக் சைலன்சர், ஸ்டாக் கார்புரேட்டர். பங்க்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலுக்கு அந்தக் கடைந்த ஹெட் தாங்காது, டங்டங்கென்று தட்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை மட்டும் சேலத்துக்குப் பார்த்து வையுங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்று நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் மெலிந்திருப்பதால் கலவையில் பெட்ரோல் கூடித் தடித்துக் கொஞ்சம் மந்தமாக ஓடும், ஓடட்டும். மலைக்கென்று சின்ன ஜெட் போட்டுவிட்டு அதே ஜெட்டோடு கீழே வந்தீர்களானால் கலவை மெலிந்து, சேலம் வெயிலில் பிஸ்டன் மறுபடியும் பிடிக்கும்.

எல்லாவற்றையும் ஸ்டாக்காக்கிவிட்டால் அப்புறம் அது என்ன ரேஸ் இன்ஜின் என்று சிலர் கேட்பார்கள். சித்தப்பா கிராங்கை (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டை) அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தார், அது அப்படியே உள்ளே இருக்கிறது. அவர் தேய்த்த பேரலை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லைதான், என் வண்டியில் நடந்ததைத்தான் சொல்கிறேன். புகைக்காகத் திட்டுபவர்களும் உண்டு. பம்பு போட்ட பிறகு புகை குறைந்திருக்கிறது, வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துத்தான் ஓட்டுகிறேன்.

மலைப்பாதை பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். குறுகலான இடத்தில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும், இது சாலை விதி. சனி, ஞாயிறில் வரும் கார்க்காரர்கள் பலருக்கு இது தெரியவே இல்லை. வளைவிலேயே காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடுகிறார்கள். குரங்குகள் அதற்காகவே ரோட்டு நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. போன மாதம் ஒரு குட்டி சக்கரத்தில் அடிபட்டுக் கிடந்ததைப் பார்த்தேன், தாய் அதை விட்டு நகரவில்லை. தயவுசெய்து யாரும் எதுவும் போடாதீர்கள்.

சரி, நீங்கள் வாங்கப்போகும் வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் இன்ஜினில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். வேறு எண்ணாக இருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும், விற்பவரையே அதை முடித்துத் தரச் சொல்லுங்கள். அப்புறம் பம்பு மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே தகடு அடைத்திருந்தால் பம்பு, குழாய், கேபிள் மூன்றுக்கும் ஆகும் பணத்தை விலையில் குறைத்துக் கேளுங்கள்.