கதை எழுதுவதில் இன்றுவரை உங்களுக்குத் தீராத சிக்கல் எது?

ஒரு பாத்திரத்தை ‘அவன்’ என்பதா, ‘அவர்’ என்பதா என்ற சிக்கல்தான்.

விசைத்தறிக் கூடம் ஒன்றைப் பற்றி நான் எழுதிய சிறுகதையில் தறி ஓனருக்கு வயது நாற்பது, தறி ஓட்டுபவருக்கு அறுபது. முதல் வரைவை வாய்விட்டு வாசித்தபோதுதான், ஓனரை ‘அவர்’ என்றும், அவரைவிட இருபது வயது மூத்தவரை ‘அவன்’ என்றும் எழுதியிருந்தது என் காதில் விழுந்தது. கதைசொல்லி எவர் பக்கமும் சாயவில்லை என்று நான் நம்பிக்கொண்டிருக்க, வினைமுற்றுகள் ஏற்கெனவே சாய்ந்திருந்தன.

இருவரையும் ‘அவர்’ ஆக்கினேன். அதுவரை ‘அவன்’, ‘அவர்’ என்ற வேறுபாட்டைக் கொண்டே ஆளைப் பிரித்தறிந்துவந்த வாசகருக்கு, கூலித் தகராறு நடக்கும் காட்சியில் யார் கை ஓங்கியது என்பதே விளங்காது போயிற்று. சுட்டுப்பெயரை விட்டுவிடலாம், ‘வந்தான்’, ‘வந்தார்’ என்னும் விகுதியை எங்கே ஒளித்துவைப்பது? நாடா நின்றது, பாவு அறுந்தது என்று பொருள்களையே எழுவாயாக்கிச் சில பத்திகளை ஓட்டிப் பார்த்தேன். ஆளில்லாமல் தறி ஓடுவதுபோல் இருந்தது.

இது நேற்று முளைத்த சிக்கலன்று. ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் வந்த உயர்சொல்லேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியத்தின் கிளவியாக்கமே குறிக்கிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகியவை காரணமாகப் பாலும் திணையும் மயங்கினாலும் அது இயல்பே என்று நன்னூல் இடம்கொடுக்கிறது. இலக்கணத்துக்கு அது வழுவமைதி. கதை எழுதுபவனுக்கோ, தான் யாரிடம் உவப்பும் யாரிடம் இழிப்பும் கொண்டிருக்கிறான் என்பதைக் காட்டிக்கொடுக்கும் பட்டியல். (ஆண்களுக்கு வயதேறினால் ‘அவர்’ கிடைத்துவிடுகிறது, அறுபது வயதுப் பெண்ணை நம் கதைகள் பெரும்பாலும் ‘அவள்’ என்றே விட்டுவிடுகின்றன.)

கடைசியில் தறி ஓட்டுபவரின் மகளைக் கதை சொல்லவைத்தேன். அவளுக்கு ஒருவர் அப்பா, மற்றவர் ஓனர். யாரை எப்படிச் சுட்டுவது என்று அவள் யோசிக்க வேண்டியதில்லை, அந்தப் பொறுப்பும் என்னுடையதில்லை. ஆனால் அவள் வாயில் அம்மா எப்படி வருவார்? எங்கள் கொங்குப் பக்கத்தில் பாசமாகப் பேசும்போது “அம்மா வந்துச்சு” என்போம். ‘வந்தாள்’ என்றால் யாரோ எழுதிய கதையாகிறது. ‘வந்தார்’ என்றால் அம்மா ஊர்ப் பெரியவராகிவிடுகிறார். ‘அம்மா சோறு கொண்டு வந்துச்சு’ என்றே எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினேன். அச்சில் அது ‘வந்தாள்’ என்று திருத்தப்பட்டிருந்தது. என் கைப்படியில் ‘வந்துச்சு’ இன்னும் அப்படியே இருக்கிறது.