கேளு கண்ணு: ஒற்றையா, இரட்டையா?

கேள்வி: பாரிட்டி பிட் என்பது ஒரே ஒரு பிட். அதை வைத்துப் பிழையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
– 9-ம் வகுப்பு மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கண்ணு, எங்கப்பா ஈரோட்டு மண்டிக்கு மஞ்சள் மூட்டை அனுப்பும்போது, வண்டிக்காரரிடம் எண்ணிக்கைச் சீட்டும் கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டர்கள் தகவலை 0, 1 என்ற பிட்களாக அனுப்பும்போது கூடவே போகும் பாரிட்டி பிட்டும் அப்படி ஒரு சீட்டுதான். ஆனால் மகா கஞ்சச் சீட்டு. மொத்தம் எத்தனை 1 என்று சொல்லாது. ஒற்றையா, இரட்டையா, அவ்வளவுதான்.

எழுத்துகளை 0, 1 ஆக எழுதும் ஆஸ்கி முறையில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'சி' 1000011. அதில் மூன்று 1 இருக்கிறது. இரட்டைப்படை ஆக்குவதற்கு எட்டாவதாக இன்னொரு 1 சேர்த்து அனுப்புவார்கள். வழியில் ஒரு பிட் புரண்டால், அதாவது 0 என்பது 1 ஆகவோ 1 என்பது 0 ஆகவோ மாறினால், கணக்கு ஒற்றைப்படை ஆகி, குட்டு வெளிப்பட்டுவிடும். எந்த பிட் என்று மட்டும் தெரியாது. திரும்பக் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

சரி, இரண்டு பிட் சேர்ந்து புரண்டால்? சீட்டு ஏமாந்துவிடும். அதனால்தான் கம்ப்யூட்டர்களைக் கம்பியில் இணைக்கும் ஈதர்நெட்டில், ஒவ்வொரு ஃபிரேமின் (தகவல் மூட்டையின்) வாலிலும் 32 பிட் சி.ஆர்.சி. என்ற இன்னும் கெட்டியான சரிபார்ப்புச் சீட்டை வைக்கிறார்கள்.

அப்புறம், ஆதாரின் 12-வது இலக்கமும் சரிபார்ப்புக்குத்தான். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடித்துவிடும். 47-ஐ 74 என்று அடித்து மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.