பழைய மண்டியில் ஓவியக்கூடம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பூட்டிக்கிடந்த ஒரு புளி மண்டியை ஓவியர்களும் சிற்பிகளுமாகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நாங்களே செப்பனிடுகிறோம், அங்கேயே வேலையும் செய்கிறோம். சுண்ணாம்பு வேலை என் பொறுப்பு. இப்படி ஒரு கட்டடம் தேடும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

தர்மபுரி, ஓவியர்: அண்ணா, நாங்கள் பார்த்த வீட்டில் இடுப்பளவுக்குச் சுவர் ஊறிப் பூச்சு உதிர்கிறது. சிமென்ட் பூசினால் சரியாகிவிடும் என்கிறார் கொத்தனார். பூசலாமா?

வேண்டவே வேண்டாம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை இழுக்கும், அதே போல வெளியேயும் விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் இன்னும் உயரமாக ஏறும். கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, செங்கல்லையே மாவாக்கிவிடும். கொஞ்ச நாள் பார்க்க நன்றாக இருக்கும், அப்புறம் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா? சாக்கடை கசிகிறதா? ரோட்டின்மேல் ரோடு போட்டுத் தெரு வீட்டைவிட உயர்ந்துவிட்டதா? நம் ஊர்ப் பழைய தெருக்களில் பாதி ஓதம் (சுவர் ஈரம்) இந்தக் கடைசிக் காரணத்தால்தான். அதைச் சரிசெய்த பிறகு, உதிரும் பூச்சைக் கொத்தி எடுத்து, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். ஒரு கோடை முழுக்கச் சுவரை அப்படியே காயவிட்டு, அதன்பின் சுண்ணாம்புப் பூச்சு. அதுவரை கேன்வாஸைச் சுவரில் சாய்க்காதீர்கள்.

ஓசூர், கட்டடக்கலை மாணவர்: மூட்டையில் விற்கும் சுண்ணாம்புத் தூள் போதுமா? கடுக்காயும் வெல்லமும் கட்டாயமா?

பல நாள் கடையில் கிடந்த தூள் காற்றுப் பட்டுப் பாதி செத்திருக்கும். வெள்ளையடிக்கலாம், பூச்சுக்கு ஆகாது. சுட்ட சுண்ணாம்புக் கல் வாங்கி நீங்களே நீர்க்கவையுங்கள். தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல் சீறிப் பிளக்கும், தண்ணீர் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகவே கூடாது. வெந்ததைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி சில வாரமாவது ஊறவிட்டால் வெண்ணெய் மாதிரி கரண்டியில் வழுக்கும். அந்தப் பதம்தான் வேண்டும்.

கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் நல்ல கொத்தனார் கையில் அருமையாக வேலை செய்யும். ஆனால் அளவு தப்பினால் இறுகவே இறுகாது. முதல் சுவரைச் சுண்ணாம்பும் மணலும் மட்டும் வைத்துப் பூசிப் பழகுங்கள். மெல்லிய பூச்சாகப் பூசி, சில நாள் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் அது கல்லாகும், அவசரப்படுத்த முடியாது.

பாலக்கோடு, சிற்பி: மெட்ராஸ் டெரஸ் மாடியில் கருங்கல் வேலை செய்யலாமா?

கூடாது. மரக்கட்டைகளின்மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு அடித்த தளம் அது. கட்டையின் முனை சுவருக்குள் இருக்கும் இடம்தான் முதலில் உளுக்கும். கோணூசியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் மேலே ஆளே ஏற வேண்டாம். கல், அச்சு இயந்திரம், சூளை எல்லாம் கீழே.

காவேரிப்பட்டணம், ஓவிய மாணவி: வடக்குச் சன்னல் வெளிச்சம்தான் சிறந்தது என்கிறார்களே அண்ணா?

ஐரோப்பாவுக்கு அது சரி. நாம் இருப்பது 12 டிகிரி அட்சரேகையை ஒட்டி. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி தாண்டும்வரை உச்சி வெயிலே வடக்குச் சாய்வாகத்தான் அடிக்கும். வடக்கு அறையை எடுத்துக்கொள்ளம்மா, ஆனால் அந்த மாதங்களுக்கு ஒரு காடாத் துணித் திரை தைத்து வை.

பென்னாகரம், ஆசிரியர்: சுவரில் நீள விரிசல். பயப்பட வேண்டுமா?

விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை இரு ஓரமும் காரை வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டியும் உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல், சுண்ணாம்பால் அடைத்துவிடலாம். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. பொறியாளரைக் கூப்பிடும் வரை அந்த அறையைப் பூட்டிவையுங்கள்.

ராயக்கோட்டை, மட்பாண்டக் கலைஞர்: எங்கள் கட்டடம் கோட்டைக்குப் பக்கம். தடை இருக்குமா?

அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை. பாதுகாப்பு எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடமானால் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். அனுமதி கைக்கு வந்தபின் சாரம் கட்டுங்கள்.

ஊத்தங்கரை, ஓவியர்: நாம் செலவழித்துச் சரிசெய்தபின் உரிமையாளர் காலிசெய்யச் சொன்னால்?

இந்தப் பயம் நியாயமானது. 2019 முதல் நடப்பிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி நகரப் பகுதியில் ஒப்பந்தம் எழுத்தில், பதிவோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு, கூரைச் செலவு யாருடையது, நம் செலவில் எவ்வளவு வாடகையில் கழியும் என்பதெல்லாம் அதிலேயே வரட்டும். ஒவ்வொரு சுவரையும் தொடுமுன் படம் எடுத்து இணையுங்கள். பணத்துக்கு, 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை அமைத்தவர்களைப் பாருங்கள். பாத்திக் போன்ற கைவினைகளை விற்றே அந்தக் கிராமத்தை நிலைநிறுத்தினார்கள். நாங்களும் விற்கும் ஒவ்வொரு படைப்பிலும் ஒரு பங்கைக் கூரைக்கென்று ஒதுக்குகிறோம். அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடுவதில்லை.