வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த குரல்

போன இதழில் இத்தாலிய ஓபரா பாடகி மிரெல்லா ஃப்ரேனியைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த முறை பக்கம் முழுக்க அவருக்கே.

கேள்வி: 'லிரிக் சொப்ரானோ' என்று எழுதியிருந்தீர்கள். சொப்ரானோவிலேயே பல ரகம் உண்டா? (வாசகர், கும்பகோணம்)

உண்டு. பெண் குரல்களில் மேல் ஸ்தாயியில் சஞ்சரிப்பது சொப்ரானோ. அதில் பிருகாக்களைப் பொழிந்துகொண்டு உச்சியிலேயே விளையாடும் குரல் கொலராதுரா. முழு ஆர்க்கெஸ்ட்ராவும் முழங்கும்போது அதையும் கிழித்துக்கொண்டு வரும் கனத்த குரல் டிராமாட்டிக். லிரிக் என்பது இளமையும் இதமும் உள்ள குரல், நீண்ட கார்வைகளில் அழகு காட்டுவது. புச்சீனியின் 'லா போஹேம்' நாயகி மிமி, மோட்சார்ட்டின் சுசன்னா, 'கார்மென்' ஓபராவில் வரும் கிராமத்துப் பெண் மிக்கயேலா எல்லாம் லிரிக் சொப்ரானோவின் சொத்து.

ஓபரா அரங்கில் மைக் கிடையாது. நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் 3,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள். கடைசி வரிசை வரைக்கும் வெறும் தொண்டையை வைத்துக்கொண்டுதான் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் எந்தக் குரலுக்கு எந்தப் பாத்திரம் என்பதில் அங்கே அவ்வளவு கறார்.

கேள்வி: பவரொட்டியும் இவரும் ஒரே பால் குடித்து வளர்ந்தவர்கள் என்கிறார்களே, நிஜமா? (வாசகி, திண்டுக்கல்)

நிஜம்தான். பவரொட்டி உலகப் புகழ் பெற்ற, உடம்பும் பெருத்த டெனோர், அதாவது ஆண் குரல்களில் மேல் ஸ்தாயிக்காரர். இருவரும் 1935-ல் மோதெனா நகரில் பிறந்தவர்கள். ஃப்ரேனி பிப்ரவரியில், பவரொட்டி அக்டோபரில். இருவரின் அம்மாக்களும் புகையிலைத் தொழிற்சாலைத் தொழிலாளிகள். அந்தப் புகையிலையிலேயே நாள் முழுக்க உழன்ற தாய்மார்களின் பால் குழந்தைக்கு ஆகாது என்று ஒரே செவிலித்தாயிடம் இரண்டு குழந்தைகளுக்கும் பால் கொடுக்க வைத்தார்கள். அந்தப் பாலில் பெரும்பங்கு யாருக்குப் போனது என்று எங்களைப் பார்த்தாலே தெரியுமே என்று ஃப்ரேனி பின்னாளில் சொல்லிச் சிரிப்பார்.

கேள்வி: பெரிய வாய்ப்புகளை மறுத்தவர் என்று அவரைப் புகழ்ந்திருந்தீர்கள். தேடி வந்த சீதேவியை உதறுவது ஒரு சாதனையா? (வாசகர், திருநெல்வேலி)

என் மனதுக்கு மிக நெருக்கமான கேள்வி இது. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரேனி சிறுமியாக இருக்கும்போதே வானொலிப் போட்டி ஒன்றில் புச்சீனியின் 'மடாமா பட்டர்ஃபிளை' ஓபரா நாயகியின் பாட்டைப் பாடினார். அதைக் கேட்டவர் பெனியாமினோ ஜீலி, அன்றைய இத்தாலியின் மாபெரும் டெனோர். குழந்தையைத் தட்டிக்கொடுத்து மேடையேற்றவில்லை அவர். இந்தக் குரல் முதிரட்டும், அதுவரை பாடாதே என்றார். வீட்டார் கேட்டார்கள். பதினேழு வயதுக்கு மேல்தான் மறுபடி பயிற்சி. 1955-ல், இருபது வயது வாக்கில், சொந்த ஊர் அரங்கில் மிக்கயேலாவாக அரங்கேறினார்.

அரங்கேறியவர் அடுத்து என்ன செய்தார்? பியானோ கலைஞரும் ஆசிரியருமான லியோனே மஜேராவை மணந்துகொண்டார். மகள் பிறந்தாள், மிக்கயேலா என்றே பெயர் வைத்தார். மேடையை விட்டுச் சில காலம் ஒதுங்கி, 1958-ல் தூரின் நகரில் மிமியாகத் திரும்பி வந்தார். 1960-ல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓபரா விழா, 1963-ல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் கரயான் நடத்திய 'லா போஹேம்', 1965-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன். ஓடிப்போய்ப் பிடித்தவை இல்லை, ஒவ்வொன்றாக வந்தவை.

இடையில் ஒரு சறுக்கல். 1964-ல் லா ஸ்காலாவில் வெர்தியின் 'லா டிராவியாட்டா' ஓபராவில் நாயகி வேடம். அதே மேடையில் அதே வேடத்தை 1955-ல் புகழ்பெற்ற சொப்ரானோ மரியா காலஸ் பாடியதை மறக்காத ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். அந்த வயதில் அந்த அவமானம் யாரையும் முடக்கிவிடும். ஃப்ரேனி தனக்குப் பொருந்திய பாத்திரங்களுக்குத் திரும்பிப் போய் நிதானமாக நடந்தார். பிறகுதான் கனமானவை வந்தன. 1970-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கில் 'ஒடெல்லோ' நாயகி டெஸ்டிமோனா, அப்புறம் 'டான் கார்லோ'வின் எலிசபெத்தா, 1979-ல் அங்கேயே 'ஐடா'வின் நாயகி, எல்லாம் வெர்தியின் ஓபராக்கள்.

அடுத்து புச்சீனியின் 'துராந்தோத்' ஓபரா நாயகியாகப் பாடச் சொல்லிக் கரயான் கேட்டார். ஐரோப்பிய இசை உலகில் அன்று கரயான் சொல்லுக்கு மறுசொல் இல்லை. ஃப்ரேனி மாட்டேன் என்றுவிட்டார். துராந்தோத் இரும்புத் தொண்டைக்காரிகளுக்கான பாத்திரம். ஒருமுறை பாடலாம், கைதட்டல் வரும். மறுநாள் மிமிக்கு அந்தக் குரலில் ஈரம் மிஞ்சியிருக்குமா?

'பட்டர்ஃபிளை' இன்னும் விசேஷம். அதைப் படமாக நடித்தார், முழுதாக ஒலிப்பதிவும் செய்தார். ஆனால் மேடையில் முழுதாக ஒருமுறைகூடப் பாடவில்லை. நாயகி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பெரும்பாலும் மேடையை விட்டு இறங்கவே முடியாது. குரலின் நடுப்பகுதியிலேயே, அடர்த்தியான ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மேல், உணர்ச்சி பொங்கப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் பகுதி பகுதியாகப் பாடலாம், ஓய்வெடுக்கலாம். மேடையில் அந்தச் சலுகை கிடையாது.

2005 ஏப்ரலில் வாஷிங்டனில் தன் கடைசி ஓபராவைப் பாடினார். அப்போது வயது 70. ஏற்ற வேடம், சாய்கோவ்ஸ்கியின் ஓபராவில் ஜோன் ஆஃப் ஆர்க், ஒரு சின்னப் பெண். அரங்கேறி ஐம்பது வருடம் கழித்து! வேகமாக வந்து, கனமான பாத்திரங்களை வாரிப்போட்டுக்கொண்டு, பத்தே வருடத்தில் குரல் நடுங்கிக் காணாமல் போன சொப்ரானோக்கள் எத்தனையோ பேர். அவர்களிடமும் திறமை இருந்தது. ஐயா, நீங்கள் சொல்லும் சீதேவியைப் பத்திரமாக வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தவர் ஃப்ரேனி என்பதுதான் என் கட்சி.

கேள்வி: இத்தாலி மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? (வாசகி, புதுச்சேரி)

1972-ல் பவரொட்டியோடு பதிவான 'லா போஹேம்'. பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா, நடத்தியவர் கரயான். முழுதும் வேண்டாம், முதல் அங்கத்தில் மிமி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பாட்டு மட்டும் போதும்.

மெழுகுவர்த்தி அணைந்துபோய், நெருப்புக் கேட்டு வந்த ஏழைத் தையல்காரி. என்னை மிமி என்பார்கள், நிஜப் பெயர் லூச்சியா, துணியில் பூ வேலை செய்வேன் என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். ஃப்ரேனி இங்கே குரலைப் பாதிதான் திறப்பார். தனியாக ஒரு சின்ன அறையில் இருக்கிறேன், கூரைகளையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்கிறாள். பனி உருகும்போது வரும் முதல் வெயில் எனக்குத்தான் என்று அடுத்த வரி. அந்த இடத்தில் கவனியுங்கள். வயலின்களோடு சேர்ந்து குரல் மொத்தமும் திறக்கும், ஆனால் ஒரு துளி அழுத்தம் இருக்காது. எனக்கு அந்த வரி இன்றைக்கும் கண்ணை நனைக்கும்.

பாட்டு உச்சியிலும் முடியாது. நான் உங்கள் பக்கத்து அறைக்காரி, நேரங்கெட்ட நேரத்தில் வந்து தொந்தரவு பண்ணுகிறேன் என்று பேச்சுப்போலவே இறங்கி நின்றுவிடும். மொழி தெரியாமலே அவளுடைய கூச்சம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: இரண்டாவது திருமணம்? (வாசகர், சேலம்)

ஆமாம், 1978-ல், பல்கேரியாவின் பேஸ் (ஆண் குரல்களில் கீழ் ஸ்தாயி) பாடகர் நிக்கொலாய் கியாவுரோவோடு. மோதெனாவுக்குப் பக்கத்தில் வின்யோலாவில் இருவரும் சேர்ந்து இளம் பாடகர்களுக்குப் பயிற்சி மையம் தொடங்கினார்கள். கியாவுரோவ் 2004-ல் காலமானார். ஃப்ரேனி 2020 பிப்ரவரி 9 அன்று, மோதெனாவிலேயே.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. மேற்கத்திய வாய்ப்பாட்டு கற்கிறாள். ஆண்டு விழாவில் 'பட்டர்ஃபிளை' பாட்டைப் பாடச் சொல்கிறார்கள். பாடினால் பெருமைதானே? (வாசகி, கோவை)

அம்மா, வேண்டாம். மகளுக்குத் திறமை இருப்பதால்தான் வேண்டாம் என்கிறேன். ஜீலி தடுத்ததும் இதே ஓபராவின் பாட்டைப் பாடிய ஒரு சிறுமியைத்தான். ஆசிரியரிடம் தயங்காமல், மரியாதையாகவே பேசுங்கள். 'காரோ மியோ பென்' போன்ற பழைய இத்தாலியப் பாடல்கள் ஆரம்பக் குரலுக்கு இதமானவை. மேல் ஸ்தாயிக்கு இழுக்காமல் மூச்சைப் பழக்கும். பாடி முடித்தபின் தொண்டை கரகரத்தாலோ வலித்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடச் சொல்லுங்கள். 'பட்டர்ஃபிளை'யை இப்போதைக்கு அவள் கேட்கட்டும். 1974-ல் ஃப்ரேனி பாடிய பதிவு இருக்கிறது, அதிலும் கரயான், பவரொட்டி.