இடம் எண் 2

அன்புள்ள ஐயா,
கோலாலம்பூரில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். வணிகக் காப்புறுதிப் பாலிசிகளை எழுத ஒரு குறிமொழி, அதாவது வாசகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அடையாளக் குறி போடும் கணினி மொழி, உருவாக்குகிறோம். தலைப்பு, பத்தி, தடித்த எழுத்து, அட்டவணை எல்லாவற்றுக்கும் குறிகள் தயார். ஏற்கெனவே இருக்கும் எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியிலேயே செய்வதா, தட்டச்சு செய்ய எளிதாகச் சொந்தமாக ஒன்று அமைப்பதா?
கு., செந்தூல்

அன்புள்ள கு.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் பெரியப்பாவின் பழைய தீ பாலிசியைத்தான் எடுத்து வைத்திருந்தேன்.

எக்ஸ்எம்எல்லா வேறா என்பது பெரிய விஷயமில்லை, உங்களுக்குக் கை பழகியதில் எழுதுங்கள். ஆனால் தடித்த எழுத்துக்கு ஒரு குறியா? படித்ததும் கோபம்தான் வந்தது. 1969இல் ஐபிஎம் கணினி நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி மூவரும் ஜிஎம்எல் என்ற முன்னோடிக் குறிமொழியை உருவாக்கியதே வழக்கறிஞர் அலுவலக ஆவணங்களை வைத்துத்தான். ஒரு வரி பார்க்க எப்படி இருந்தாலும், அது என்ன வரி என்று குறிக்கச் சொன்னார்கள். எதற்கு ஈடு கிடையாது என்னும் விலக்கையும் நிபந்தனையையும் ஒரே 'பத்தி'க்குள் அடைத்துவிட்டு அதைக் குறிமொழி என்று சொல்லாதீர்கள்.

பெரியப்பாவுக்குப் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஜவுளிக்கடை, அங்கேயே ஜெலுத்தோங்கில் கிடங்கு. இங்கே மலேசியாவில் சாதாரண தீ பாலிசியில் வெள்ளம் சேராது. கூடுதல் பிரீமியம் கட்டி எண்டோர்ஸ்மென்டாக, அதாவது பாலிசியோடு சேரும் திருத்தத் தாளாக, வாங்கவேண்டும். அவர் கட்டியிருந்தார். 2017 நவம்பர் வெள்ளத்தில் கிடங்குக்குள் இடுப்பளவு தண்ணீர், சேலைக் கட்டுகள் ஒன்றின் சாயம் ஒன்றில் ஏறிக் கிடந்தன. சமையலறை மேசையில் பாலிசியைப் பிரித்தோம். மூன்றாவது எண்டோர்ஸ்மென்ட் வெள்ளத்தைச் சேர்த்திருந்தது, 'இடம் எண் 1'க்கு. இரண்டு வருடம் கழித்து வந்த ஐந்தாவது, கிடங்கை 'இடம் எண் 2' என்று சேர்த்தது. அதன் அடியில், மற்ற விதிகள் மாறாமல் நீடிக்கும் என்று ஒரு வரி. பெரியப்பா அதன்மேல் விரலை வைத்து, "அப்படின்னா வெள்ளமும் நீடிக்குதுதானே?" என்றார். நீடித்தது, கடைக்கு மட்டும். கடைக்குள் ஒரு சொட்டு ஏறவில்லை.

தம்பி, உங்கள் உழைப்பு முழுவதும் இங்கே போகட்டும். ஒவ்வொரு எண்டோர்ஸ்மென்டும் எந்த விதியைத் தொடுகிறது, எந்த இடத்துக்கு, எந்தத் தேதியிலிருந்து, சேர்க்கிறதா நீக்குகிறதா மாற்றுகிறதா என்பதெல்லாம் குறிக்குள்ளேயே இருக்கவேண்டும். பழைய வாசகத்தை அழித்து எழுதவும் கூடாது. நஷ்டம் நேர்ந்த நாளில் பாலிசி எப்படி இருந்தது என்றுதான் கேட்பார்கள். ஐந்து தாள்களைப் பின்னடித்துக் கொடுத்துவிட்டு, சேர்த்துப் படித்துக்கொள் என்று ஒரு கடைக்காரரிடம் சொல்வது அநியாயம்.

அப்புறம், அட்டவணைக் குறியெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு பழைய தீ பாலிசியை, எண்டோர்ஸ்மென்டுகளோடு, உங்கள் குறிமொழியில் எழுதி அனுப்புங்கள். இடம் எண் 2க்கு வெள்ளம் உண்டா என்று கேட்டுப் பார்க்கிறேன்.